ஆளற்ற கரை: இயற்கைக் காட்சிப் படங்களும் பொத்துவிற் பிரதேசமும்

1

கல்முனையிலிருந்து தெற்கே பொத்துவில் வரை நீளும் கரையோர முஸ்லிம் ஊர்களின் வீடுகளிலே, விறாந்தையிலும் மண்டபச் சுவரிலும் மூவகைப் படங்களைப் பொதுவாகக் காணலாம். கஃபாவையும் மதீனத்துப் பள்ளிவாசலையும் காட்டுவன ஒருவகை. திருமறை வசனங்களை அழகெழுத்திலே தருவன இன்னொரு வகை. மூன்றாவது, 'இயற்கைக் காட்சி' என்று வழங்கப்படுவது. பனி மூடிய சிகரம், அதன் நிழல் விழும் ஏரி, ஊசியிலை மரங்கள், தூரத்தே ஒரு மரவீடு. அல்லது நீர்வீழ்ச்சி, பசும்புல்வெளி, மாலைச் சூரியன், வளைந்த தென்னை. கடைகள் வழங்கும் நாள்காட்டிகளிலும் இவையே இடம்பெறுகின்றன. முதலிரு வகைகளும் சமய நோக்கில் விளக்கத்தக்கவை. மூன்றாவதைப் பற்றி எமது கலை விமர்சனம் அதிகம் பேசியதில்லை. அலங்காரப் பொருள் என்றும் மலினமான ரசனை என்றும் ஒதுக்கிவிடுவதே வழக்கமாக இருந்துவந்துள்ளது.

இப்படங்களிலே பெரும்பாலும் மனிதர் இல்லை. உயிருள்ளவற்றின் உருவங்களைத் தவிர்க்கும் இஸ்லாமிய மரபு இவற்றை இவ்வீடுகளுக்கு உகந்தனவாக்கியது என்பது உண்மையே. ஆயின் அம்மரபு இப்படங்களைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணமாகுமேயன்றி, அவை ஆளற்றனவாகத் தோன்றியமைக்குக் காரணமாகாது. அவை ஆளற்றனவாகவே வந்து சேர்ந்தன. அவ்வெறுமை வேறொரு நாட்டிலே, வேறொரு வர்க்கத்தின் தேவையையொட்டி உருவாயிற்று. அது எவ்வாறு உருவாயிற்று, அப்படங்களை ஆக்கியோர் யாவர், பொத்துவில் போன்றதொரு கரையின் வாழ்வோடு அதற்குள்ள தொடர்பு யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நிலத்தை ஆளற்றதாகப் பார்க்கும் பார்வையும், நிலத்தை ஆளற்றதாகக் கொண்டு கைப்பற்றும் நடைமுறையும் ஒரே சமூக அடித்தளத்திலிருந்து தோன்றியவை என்பது எமது வாதம்.

2

நிலக்காட்சி ஓவியம் ஐரோப்பாவில் தனியொரு துறையாக நிலைபெற்றது பதினேழாம் நூற்றாண்டிலாகும். ஒல்லாந்தின் வணிக வர்க்கம் கோயிலுக்கும் அரண்மனைக்கும் உரிய பேரோவியங்களைவிடத் தன் வீட்டுச் சுவருக்கு ஏற்ற சிறு ஓவியங்களையே வேண்டி நின்றது. அச்சந்தையிலேயே நிலக்காட்சி ஒரு சரக்காக வளர்ந்தது. எனினும் ஒல்லாந்த ஓவியங்களில் உழைப்பு முற்றாக மறைந்துவிடவில்லை. ஆர்லம் நகர்ப்புறத்தை ரொய்ஸ்டால் வரைந்தபோது துணி வெளுப்போரும் அவர்கள் விரித்த துணிகளும் அக்காட்சியின் பகுதியாகவே நின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே நிலைமை மாறியது. பொதுநிலங்கள் வேலியிடப்பட்டுத் தனியுடைமையாயின; குடியானவர் நிலமிழந்தனர். அதே காலத்தில் நிலவுடைமையாளர் தமது நிலத்தை அழகுப் பொருளாகவும் பார்க்கத் தொடங்கினர். கெயின்ஸ்பரோ 1750ஆம் ஆண்டளவில் வரைந்த அன்ட்றூஸ் தம்பதியர் ஓவியம் இதற்குத் தக்க சான்றாகும். உடைமையாளரும் மனைவியும் ஒருபுறம் இருக்க, மறுபுறம் அறுத்துக் கட்டிய கதிர்க்கட்டுகள் நிரையாக நிற்கின்றன. அறுத்தவர் எவரும் அங்கு இல்லை. ஜோன் பேர்ஜர் 1972இல் இவ்வோவியத்தை உடைமையுணர்வின் வெளிப்பாடாக விளக்கினார். 1973இல் றேமண்ட் வில்லியம்ஸ், நிலத்தைக் காட்சியாக நோக்குவது அதிலே உழைப்பவரிடமிருந்து விலகி நிற்பவருக்கே கைகூடும் என நிறுவினார். 1980இல் ஜோன் பரெல், ஆங்கில நிலக்காட்சியில் ஏழையர் படத்தின் நிழற்பகுதிக்குள் ஒதுக்கப்பட்டமையை எடுத்துக்காட்டினார். மூவரும் வெவ்வேறு வழிகளில் ஒரே உண்மையை அணுகினர்: காட்சி என்பது ஒரு சமூக உறவு.

வில்லியம் கில்பின் 1782இல் வை ஆற்றங்கரைப் பயணம் பற்றி வெளியிட்ட நூல் இப்பார்வைக்கு ஓர் இலக்கணத்தை வகுத்துக் கொடுத்தது. முன்புறம் இருளார்ந்த மரம், நடுவே ஒளி வீழும் நீர், பின்புறம் மங்கிய மலை, இடையே ஒரு பாழடைந்த கட்டடம். இன்றைய நாள்காட்டிப் படத்தின் அமைப்பும் பெரும்பாலும் இதுவேயாகும்.

3

இவ்விலக்கணம் பிரித்தானிய ஆட்சியோடு எமது நாடுகளுக்கு வந்தது. தோமஸ் டானியலும் அவரது மருகர் வில்லியமும் 1786 முதல் 1793 வரை இந்தியாவிற் பயணஞ் செய்து வரைந்தவை, 1795 தொடக்கம் 1808 வரை இலண்டனில் 144 அச்சுப்படங்களாக வெளிவந்தன. மதுரை, தஞ்சாவூர் முதலான தமிழகத்துக் காட்சிகளும் அவற்றில் அடங்கும். வில்லியத்தின் சகோதரரான சாமுவேல் டானியல் இலங்கைக்கு வந்து, 1811இல் இங்கேயே காலமானார். அவர் வரைந்த 12 படங்கள் 1808இல் நூலாயின. அந்நூலின் தலைப்பே ஆராயத்தக்கது. இலங்கைத் தீவின் காட்சிகள், விலங்குகள், சுதேச மாந்தர் என்னும் வரிசையில் அது அமைந்துள்ளது. நிலம் முதலிலும், விலங்கு அடுத்தும், மனிதர் இறுதியிலும் வைத்தெண்ணப்பட்டனர். சாமுவேல் டானியலின் கைத்திறன் உயர்ந்தது. தாளிப்பனையையும் மானையும் அவர் நுணுக்கமாக அவதானித்தவர். குறை அவருடைய கண்ணில் இல்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று அக்கண்ணைப் பழக்கிய சமூகத்திலேயே அது உள்ளது.

ஊவாவிலே எழுந்த கிளர்ச்சி 1818இல் கடுமையாக ஒடுக்கப்பட்டது. மறு ஆண்டிலேயே, 1819இல், இராணுவ அதிகாரியான வில்லியம் லிற்றில்ரன் வரைந்த ஆறு இலங்கைக் காட்சிகள் இலண்டனில் அச்சாயின. ஊவா பொத்துவிலுக்கு மேற்கேயுள்ள மலைநாடு. இக்கரைக்கும் அதற்கும் இடையில் நெடுங்காலப் போக்குவரத்து இருந்துவந்தது. ஒரு தேசத்தை வெல்வதும் அதன் காட்சிகளை வரைவதும் அடுத்தடுத்து நிகழ்ந்தன என்பது தற்செயலானதாக எமக்குத் தோன்றவில்லை.

சட்டத்துறையில் நிகழ்ந்ததையும் இங்கு சேர்த்து நோக்குதல் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடாகவும் தரிசாகவும் ஆளற்றதாகவும் பயிரிடப்படாததாகவும் உள்ள நிலங்கள், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என அனுமானித்தது. சேனைப் பயிர்ச்செய்கையிலே ஒரு நிலம் சில ஆண்டுகள் பயிரிடப்பட்டுப் பின்னர் பல ஆண்டுகள் காடாக விடப்படும். மேய்ச்சலுக்கும் விறகுக்கும் தேனுக்கும் மருந்து மூலிகைக்கும் மக்கள் காட்டைப் பயன்படுத்தினர். இப்பயன்பாடு எதுவும் அச்சட்டத்தின் கண்ணிற்படவில்லை. ஓவியன் மனிதரை நீக்கிக் காட்டைக் காட்சியாக்கினான். சட்டம் மனிதரை நீக்கிக் காட்டைச் சொத்தாக்கியது. ஒன்று மற்றொன்றை நேரடியாகத் தோற்றுவித்தது எனக் கூறுவது மிகைப்படுத்தலாகும். இரண்டும் ஒரே பார்வையைப் பகிர்ந்துகொண்டன என்பதே பொருத்தமான கூற்று.

அயர்லாந்து ஓவியரான அன்ட்றூ நிக்கல் 1846இல் கொழும்பு அக்கடமியில் ஓவியம் கற்பிக்க வந்தார். குடியேற்றச் செயலாளர் எமேர்சன் டெனன்ற்றுடன் 1848இல் உள்நாட்டிற் பயணஞ் செய்து காடுகளையும் பாழடைந்த நகரங்களையும் வரைந்தார். அவருடைய சித்திரங்கள் டெனன்ற் 1859இல் வெளியிட்ட பெருநூலை அணிசெய்தன. 1848 மாத்தளைக் கிளர்ச்சியின் ஆண்டு என்பதை நாம் மறத்தலாகாது. புதிய வரிகளுக்கு எதிராகக் குடியானவர் கிளர்ந்தெழுந்த ஆண்டிலேயே, அமைதி தவழும் கானகக் காட்சிகள் தாளிற் பதிந்தன.

பொத்துவிலின் மேற்குப் புறமும் இவ்வாறானதொரு பெயர்சூட்டலுக்கு உள்ளாயிற்று. ஊவாவின் மலையடிவாரத்துக்கும் கிழக்குக் கரைக்கும் இடைப்பட்ட புல்வெளியும் காடும் கலந்த நிலத்தை ஆங்கிலேயர் 'பார்க்' என்றே அழைத்தனர். யானை வேட்டைக்குப் பெயர்போன சாமுவேல் பேக்கரின் எழுத்துக்களில் இப்பெயரைக் காணலாம். ஆங்கில வழக்கிலே அச்சொல் பிரபுவின் மாளிகையைச் சூழ்ந்த, வேலியிட்ட, வேட்டைக்குரிய நிலத்தைக் குறிக்கும். குளங்கட்டி நெல் விளைவித்த மக்களின் நிலம், லாகுகலைக் குளம் போன்ற நீர்நிலைகள் சான்றாக நிற்கவும், உடைமையாளனின் பூங்காவாகப் பெயர் மாறிற்று.

4

ஓவியரைப் பற்றி இதுவரை பேசினோம். அச்சுப்படத்தை ஓவியர் தனியே ஆக்குவதில்லை. டானியல்கள் கையாண்ட அக்குவாடின்ட் முறையிலே செப்புத்தகட்டின்மீது பிசின் பொடியைப் படரவிட்டு, அமிலத்தால் படிப்படியாக அரிக்கச் செய்து, நீர்வண்ணத்தின் சாயலை அச்சிற் பெற்றனர். தகடு செதுக்குவோர், மை தடவுவோர், அழுத்துவோர் எனப் பலர் அதில் ஈடுபட்டனர். அச்சான தாள்களுக்குக் கையாலே வண்ணம் தீட்டப்பட்டது. செதுக்கியவரின் பெயர் சிலவேளை படத்தின் அடியிற் காணப்படும். வண்ணம் தீட்டியவரின் பெயர் காணப்படுவதில்லை. ஆகவே உழைப்பு இப்படங்களில் இருமுறை மறைகிறது. படத்தினுள்ளே நிலத்தில் உழைப்பவர் மறைகின்றனர். படத்தின் ஆக்கத்திலே அச்சுக்கூடத்தில் உழைப்பவர் மறைகின்றனர். சரக்கு தன்னை ஆக்கிய உழைப்பை மறைத்துக்கொண்டு தானே விளைந்தது போலத் தோற்றங்காட்டும் என்று மார்க்ஸ் விளக்கியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கலைத்துறையில் அரிது.

கல்லச்சும் பின்னர் ஒஃப்செற் அச்சும் பரவியதும் படம் மலிந்தது. இரவிவர்மா 1894இல் பம்பாயில் நிறுவிய அச்சகம் கடவுளர் படங்களைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டு சென்றது. தமிழகத்தில் சிவகாசி அச்சகங்களுக்கு வரைந்தோருள் கோவில்பட்டியைச் சேர்ந்த சி. கொண்டையராஜு (1898–1976) முதன்மையானவர். அவர் நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதியவர். நாள்காட்டிகளிலே முருகனுக்கும் இலக்குமிக்கும் பின்னால் விரியும் ஆறும் மலையும் நாடகத் திரையின் ஆறும் மலையுமே என்பது இதனாற் புலனாகும். இவ்வோவியருக்குப் பெயர் உண்டு, கையொப்பம் உண்டு, மாணவர் பரம்பரை உண்டு. எமது கரையோர வீடுகளிலே தொங்கும் இயற்கைக் காட்சிக்கோ பெரும்பாலும் வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் மாத்திரமே உண்டு. எந்த மலை, எந்த ஏரி என்பதும் தெரியாது. இடமும் ஆக்கியோனும் ஒருங்கே நீங்கிய இந்நிலையிலேயே அது எங்கும் விற்கத்தக்க சரக்காகிறது.

5

தமிழ்ப் புலமை மரபிலே நிலத்தை நோக்குவதற்குப் பிறிதொரு முறை இருந்தது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் ஆகியவற்றோடு செய்தி எனப்படும் தொழிலையும் கருப்பொருளில் அடக்கியது. உரிப்பொருள் மனித உறவின் நிலை. இதன்படி தொழிலும் மனித உறவும் இன்றி ஒரு திணை முழுமையுறாது. நெய்தல் என்றால் கடல் மட்டுமன்று. வலையும் உப்பும் மீன் உணங்கலும் காத்திருக்கும் பெண்ணும் சேர்ந்ததே நெய்தல். திணைக் கோட்பாட்டின் பொருளாதார அடித்தளத்தைக் கா. சிவத்தம்பி 1970களிலே ஆராய்ந்து, வெவ்வேறு நிலங்களின் சமனற்ற உற்பத்தி வளர்ச்சியோடு அதனைத் தொடர்புபடுத்தினார்.

இதனைக் கொண்டு பழமையைப் போற்றிப் பாடுவது எமது நோக்கமன்று. சங்கப் பாடல்களும் புரவலரைச் சார்ந்த புலவரின் ஆக்கங்களே. மருதத்தின் வளம் பாடப்பட்ட அளவுக்கு அவ்வளத்தை விளைவித்த கடைசியரின் துன்பம் பாடப்படவில்லை. எனினும் தொழிலை நிலத்தின் உறுப்பாகக் கொண்ட இலக்கணமும், தொழிலை நிலத்தின் மாசாகக் கருதி நீக்கிய இலக்கணமும் அடிப்படையில் வேறானவை என்பதை மறுக்க முடியாது.

பொத்துவிலைத் திணை நோக்கிற் கண்டால் அதன் செறிவு விளங்கும். கிழக்கே கடல், அறுகம்குடாவும் உல்லையும் அதன் கரை. அடுத்துக் கண்டல் சூழ்ந்த களப்பு. அதன் மேற்கே வயல். அப்பால் லாகுகலையின் குளமும் காடும். தெற்கே பாணமையும் குமனவும். சில மைல் தூரத்துள் நெய்தலும் மருதமும் முல்லையும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் அதனதன் உற்பத்தி உறவுகளைக் கொண்டது. வயலிலே போடியாரும், போகம் முழுவதும் வாடியில் தங்கி உழைக்கும் முல்லைக்காரரும் எதிரெதிரே நின்ற வரலாறு மட்டக்களப்பு, அம்பாறைப் பிரதேசங்களுக்கு உரியது. கடற்கரையிலே வலைச் சொந்தக்காரருக்கும் கரைவலை இழுப்போருக்கும் இடையில் மீன் பங்கிடப்படும் முறையிலும் அதே முரண்பாடு உண்டு. வயல் வேலையிலும் ஏலேலோவிலும் பிறந்த நாட்டார் கவிகள் இவ்வுறவுகளைப் பதிவு செய்துள்ளன. அந்நிலத்தை நேரிற் கண்டு, அதில் உழைப்போரையும் சேர்த்து வரைந்த அச்சுப்படம் எமது சுவர்களில் இல்லை. வாய்மொழியில் இருக்கும் நிலம் சுவரில் இல்லாமற் போனமையே ஆராயப்பட வேண்டிய இடைவெளி.

பாடசாலைச் சித்திரக் கொப்பிகளில் இவ்விடைவெளி நன்கு புலப்படும். இரு மலைகள், அவற்றிடையே எழும் சூரியன், வளைந்தோடும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை. எமது மாணவர் பலரும் வரையும் 'காட்சி' இது. பொத்துவிலிலே சூரியன் கடலிலிருந்து எழுகிறது. அதனை நாள்தோறும் காணும் பிள்ளையும் தாளிலே அதனை மலையிடுக்கில் வைக்கிறது. கண்ட உலகைவிட அச்சிற் கண்ட உலகு கைக்கு நெருக்கமாகிவிட்டது என்பதே இதன் பொருள்.

6

அச்சுக்கலையின் இயல்பே இது என்று எவரும் வாதிட்டால், ஜப்பானிய மரச்செதுக்கு அச்சு அதற்கு விடையாகும். ஹொக்குசாய் 1830களின் தொடக்கத்தில் வெளியிட்ட பியூஜி மலைத் தொடரை எடுத்துக்கொள்வோம். அது நகரத்துச் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் விற்ற படம். மலை அதில் எங்கும் உண்டு. ஆயின் மிடா செய்வோரும் மரம் அறுப்போரும் மீன் பிடிப்போரும் வழிநடப்போரும் முன்னால் நிற்கின்றனர். உலகறிந்த பேரலைப் படத்திலும் மூன்று படகுகள் உள்ளன. அவற்றில் துடுப்பு வலிப்போர் குனிந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றனர். 2004இன் பின்னர் அப்படத்தைச் சுனாமியின் சின்னமாகப் பலர் பயன்படுத்தினர். அது சுனாமியைக் காட்டும் படமன்று. கடலிலே தொழில் செய்வோரின் ஆபத்தைக் காட்டும் படம். அலையை மட்டும் பார்த்துப் படகை மறக்கும் கண் எத்தகைய பயிற்சி பெற்றது என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

முற்போக்கு இயக்கங்கள் அச்சுப்படத்தின் ஆற்றலை நன்குணர்ந்திருந்தன. லூசூன் 1931இல் ஷங்காயிலே மரச்செதுக்குப் பயிற்சி வகுப்பை ஒழுங்கு செய்தார். வங்கப் பஞ்சத்தின்போது, 1943இல், சித்தப்பிரசாத் மேதினிப்பூரில் நேரிற் கண்டவற்றைச் சித்திரங்களோடு நூலாக்கியபோது ஆட்சியாளர் அதன் பிரதிகளைப் பறித்து அழித்தனர். வெறும் நிலக்காட்சிக்கு இத்தகைய கதி நேர்ந்திருக்காது. இலங்கையில் 1943இல் உருவான '43 குழு' இதற்கு வேறான பாதையில் சென்றது. அதன் உறுப்பினரான ஐவன் பீரிஸ் (1921–1988) வாழ்வின் பெரும்பகுதியை இங்கிலாந்திற் கழித்தவாறே தான் விட்டுவந்த கரையை மீண்டும் மீண்டும் வரைந்தார். அக்கரையிலே தனித்து நிற்கும் மனித உருவங்கள் உண்டு. அவர்களிடம் உழைப்பின் வேகம் இல்லை. நினைவின் துயரம் உண்டு. அது நடுத்தர வர்க்கக் கலைஞனின் எல்லை. எனினும் கரை மனிதருக்குரியது என்பதை அவர் மறக்கவில்லை. அவருடைய ஓவியங்கள் காட்சிக்கூடங்களையும் சேகரிப்பாளரையும் சென்றடைந்தன. மலிவான அச்சாகிப் பொத்துவில் போன்ற ஊர்களின் வீடுகளுக்கு அவை வரவில்லை. கலைஞனுக்கும் மக்களுக்கும் இடையிலுள்ள சந்தையின் தடையை இது காட்டுகிறது.

7

இது அழகியற் பிரச்சினை மட்டுமே என்று கருதுவோர் பொத்துவிலின் அண்மைய வரலாற்றை நோக்குவாராக. 2004 டிசம்பர் 26ஆந் திகதி வந்த கடல்கோளிலே அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அலை வடிந்தபின் 2005இல் கரையோரத் தடைவலயம் அறிவிக்கப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துள் வீடு கட்டலாகாது என்றனர். பாதுகாப்பே காரணம் எனப்பட்டது. ஆயின் சுற்றுலாத்துறைக் கட்டடங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அறுகம்குடாவைப் பெருஞ்சுற்றுலா மையமாக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. மீனவர் எதிர்த்தனர். நயோமி கிளைன் 2007இல் வெளியிட்ட நூலிலே இக்கரைக்கு ஓர் அத்தியாயத்தை ஒதுக்கி, பேரழிவு முதலீட்டுக்கு வாய்ப்பாக்கப்பட்ட முறையை விளக்கினார். தடைவலயம் பின்னர் தளர்த்தப்பட்டது. கரை யாருக்குரியது என்னும் வினா தளரவில்லை.

2010இல் பாணமைக்கு அண்மையிலுள்ள ராகம்வெல, சாஸ்திரவெல முதலிய இடங்களிலிருந்து குடியானவர் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் சேனையும் வயலும் செய்து வாழ்ந்தவர்கள். பொத்துவிலின் முஸ்லிம் மீனவருக்கும் பாணமையின் சிங்கள, தமிழ்க் குடியானவருக்கும் நேர்ந்தவை இன அடிப்படையில் மட்டும் விளக்கத்தக்கவையல்ல என்பதை இது உணர்த்தும்.

சுற்றுலா விளம்பரங்களில் இக்கரை எவ்வாறு தோன்றுகிறது? நீலக் கடல், வெண்மணல், வளைந்த தென்னை, மாலைச் சூரியன். மீன் உணக்கும் பந்தல் இல்லை. வலை பொத்துவோர் இல்லை. கரைவலை இழுக்கும் நிரை இல்லை. படகு இருந்தால் அது ஆளின்றி அழகாகக் கிடக்கும். சாமுவேல் டானியலின் காலத்திலிருந்து வந்த இலக்கணம் புகைப்படக் கருவியிலும் தொடர்கிறது. 1840இன் சட்டம் காட்டை ஆளற்றது என அனுமானித்தது போல, விளம்பரம் கரையை ஆளற்றது எனக் காட்டுகிறது. அங்கே வாழ்வோர் காட்சிக்கு இடையூறாகத் தோன்றத் தொடங்கும்போது அவரை அகற்றுவது இயல்பானதாகத் தோன்றும். கருத்துநிலை தொழிற்படும் முறை இதுவேயாகும்.

8

அப்படியாயின் சுவரிலே தொங்கும் மலைக்காட்சியைக் கழற்றி எறிய வேண்டுமா? அவ்வாறு கூறுவது கொச்சை மார்க்சியமாகும். அப்படத்தை வாங்கியவர் பிரபு அல்லர். வயலிலும் கடையிலும் கடலிலும் உழைத்து வீடு திரும்புபவர். நண்பகல் வெயில் எரிக்கும் கரையிலே பனியும் ஏரியும் நிழலும் அவருக்கு அளிப்பது ஓய்வைப் பற்றிய ஒரு கனவு. நிறைவேறாத விருப்பங்கள் மக்களின் எளிய கலைகளிலே முன்னறிவிப்பாக உறைந்திருக்கும் என எர்ன்ஸ்ட் புளொக் கருதினார். ஆளற்ற ஏரியைப் பார்ப்பவர், முதலாளியும் கடன்காரரும் அற்ற ஓரிடத்தையும் அதிலே காணக்கூடும். அவ்விருப்பம் நியாயமானது. அதற்குக் கிடைத்த வடிவமே அந்நியமானது.

எமது பணி அவ்விருப்பத்துக்கு வேறு வடிவங்களைத் தேடுவதாகும். இதற்கு முதற்படியாக, கரையோர வீடுகளிலும் கடைகளிலும் உள்ள அச்சுப்படங்களை, அவை அச்சான இடம், காலம், வாங்கிய வழி ஆகிய விபரங்களோடு சேகரித்தல் வேண்டும். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இதனை மேற்கொள்ளத் தக்கவை. அடுத்து, லினோ, மரச்செதுக்கு ஆகிய செலவு குறைந்த அச்சுமுறைகளைப் பாடசாலைகளிற் பயிற்றலாம். உருவம் பற்றிய சமயத் தயக்கம் இதற்குத் தடையாகாது. ஆளின் முகத்தை வரையாமலே ஆளின் உழைப்பை வரைய முடியும். உணங்கும் மீன், பொத்திய வலை, நீர் கட்டிய வரம்பு, வாடியின் விளக்கு, மருதமுனைத் தறி, பன்பாயின் இழை ஆகிய ஒவ்வொன்றும் கையின் தடத்தைச் சுமந்தது. மனித உருவம் இல்லாத கலை மனிதர் இல்லாத கலையாக வேண்டியதில்லை என்பதை இக்கரையின் பாய் இழைக்கும் பெண்கள் நெடுங்காலமாக நிறுவி வந்துள்ளனர்.

பொத்துவிலின் கடலும் களப்பும் வயலும் காடும் அங்கு உழைப்போரின் கண்ணால் வரையப்படுமாயின், அப்படங்கள் சுவருக்கு அழகு செய்வதோடு அமையமாட்டா. இந்நிலம் ஆளுடையது என்பதற்கு அவை சான்றாகவும் நிற்கும். நிலப் பிணக்குகள் ஓயாத இக்கரையில் அத்தகைய சான்றுக்குத் தேவை மிகுதியாக உண்டு.